மஞ்சள் பொட்டு

தனசீலன் சாருக்கு விசில் இல்லாமல் பேச்சு வராது. பள்ளியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர். ஊரில் சாரணர் படைக்குத் தலைவர். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூட விசில் ஊதிவிட்டுத்தான் புரள்வார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், ஊதியே தீர வேண்டிய ஓர் இடத்தில், விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் இந்தக் கதை.

குலசைக் கடற்கரையில் ராக்கெட் தளம் வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. முன்பு துபாய்க்குப் போனதுபோல இப்போது சுற்றுவட்டாரத்து ஆட்கள் செவ்வாய்க்கு வேலைக்குப் போனார்கள். துபாயிலிருந்து போன் போட்டால் உடனே பேசலாம். செவ்வாயிலிருந்து ஒரு ‘நல்லாருக்கியா’ இங்கே வந்து சேரக் கால் மணி நேரம். நாம் சொல்லும் ‘நல்லாருக்கேன்’ அங்கே போய்ச் சேர இன்னொரு கால் மணி. ஒளியின் வேகம் அவ்வளவுதான், அதற்கு மேல் அதை விரட்ட யாராலும் முடியவில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கு ஒரு மென்பொருள் வந்தது. கம்பெனி வைத்த பெயர் நீளமானது. ஊரில் ‘நிரப்பி’ என்றார்கள். பதில் வந்து சேரும்வரை, தூரத்தில் இருப்பவரின் முகத்தோடும் குரலோடும் அதுவே பேசும். அது பேசும்போது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு எரிய வேண்டும் என்பது சட்டம். பொட்டு எரிந்தால் மெசின், எரியாவிட்டால் ஆள். இது குழந்தைகளுக்கும் தெரியும்.

அந்த வருடக் கோடை முகாமுக்குத் தனசீலன் சார் வைத்த பெயர் ‘செவ்வாயில் ஒரு நாள்’. இடம் குதிரைமொழித் தேரி. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செக்கச் செவேலென்று மணல். செவ்வாய்க்கு ஏன் இவ்வளவு தூரம் போகிறார்கள், இங்கேயே பிளாட் போட்டிருக்கலாமே என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

ஏற்பாட்டுக் கூட்டத்தில் பெற்றோர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“மே மாசம் தேரிக்குள்ள பிள்ளைகள வுட்டா கருவாடா ஆயிருமே சார்?” என்றார் ஒரு அம்மா.

“காலையில வெயிலேறதுக்குள்ள பாதி வெளாட்டு. வெயில் தாந்த பொறவு மீதி. நடுவுல எல்லாரும் கொல்லாமரத்து நெழல்ல படுத்துக் கெடக்கணும். செவ்வாயிலயும் அப்படித்தாம்மா, வெளிய போக ஒரு நேரம், உள்ள கெடக்க ஒரு நேரம்.”

“தண்ணி?”

“நம்ம சித்திரைவேல் லாரி நிக்கும்.”

பின்வரிசையில் இருந்த சித்திரைவேல் கையைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் லாரி ஓட்டுபவர். அவருடைய மனைவி ஆவுடைச்செல்வி செவ்வாயில் வெல்டர். ஊரில் செவ்வாய்க் கப்பல் ஏறிய முதல் பெண். அவர்களுடைய ஒரே மகள் சந்தனமாரி, எல்லோருக்கும் சந்தனா, இந்த முகாமில்தான் சாரணராக உறுதிமொழி எடுக்கப்போகிறாள்.

அதனால்தான் தனசீலன் சாருக்கு அந்த யோசனை வந்தது. அம்மா முன்னிலையில் மகள் உறுதிமொழி எடுக்க வேண்டும். போன வருடம் ஆவுடைச்செல்வியோடு நேரடியாகப் பேச ஏற்பாடு செய்து கேவலப்பட்டுப் போயிருந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தால் கூட்டம் என்ன செய்யும்? பாதிப் பேர் நுங்கு தின்னப் போனார்கள், மீதிப் பேர் தூங்கினார்கள். இந்த வருடம் வேறு வழி. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவது. அவள் பதில்களைப் பதிவு செய்து அனுப்புவாள். விழாவில் பிள்ளைகள் கேட்கக் கேட்க, பதில்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டால் நேரில் பேசுவதுபோல இருக்கும். விழாவைக் கம்பெனி நேரலையில் அவளுக்கு அனுப்பிக் காட்டும். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டி ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கேள்விகளைத் தன் போனில் பதிவு செய்தார். குளிப்பியளா, மீன்கொழம்பு கிடைக்குமா, பேய் உண்டுமா என்று வந்தன. கடைசியாக வந்த சந்தனா போனை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு பேசினாள்.

“அம்மா, அடுத்த கப்பல்ல வந்துருவியா? வாரேன்னா, நான் கேக்கும்போது எல்லாரு முன்னாடியும் சொல்லு. வரலன்னா முன்னாடியே அப்பாகிட்ட சொல்லிரு. எல்லாரும் இருக்கும்போது சொல்லாத.”

தனசீலன் சார் அதைக் கேட்டார். பிள்ளையின் தலையில் கை வைத்து, “அனுப்பிருதேன் தாயி” என்றார். மனமார்ந்துதான் சொன்னார்.

நேரலை கம்பெனி ஆள் வந்தால்தான். மற்றபடி செவ்வாய்க்கு வீட்டுச் செய்திகள் வாரத்துக்கு ஒரு முறைதான் போகும். அன்று அவர் தார்ப்பாய் வாடகைக்குப் பிடிக்க உடன்குடிக்குப் போயிருந்தார். மூங்கிலும் தார்ப்பாயும் வைத்து, சாரணர் முடிச்சுப் போட்டே ஒரு செவ்வாய் வீடு கட்டுவது திட்டம். மூங்கில் நீளம் சரியில்லை, தார்ப்பாயில் ஓட்டை, கடைக்காரனோடு சண்டை. எல்லாம் முடிந்து ஊருக்குள் நுழையும்போதுதான் ஞாபகம் வந்தது. செய்திகள் போய்விட்டிருந்தன. இனி அடுத்த வாரம்தான். அதற்குள் முகாமே முடிந்துவிடும்.

சித்திரைவேலிடம் போய், “மறந்துட்டேன்யா, மன்னிச்சிரு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிலும் நேரம் தவறாதவர் என்று பேரெடுத்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. கம்பெனியிலிருந்து நேரலை இணைப்புக்காக வரவிருந்த பெண்ணுக்குப் போன் போட்டு, பதில்களுக்குப் பதிலாக நிரப்பியைப் பேச வைக்க முடியுமா என்று கேட்டார்.

முகாம் அன்று அந்தப் பெண், பெல்சியா, திரையைக் கட்டிக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

“நிரப்பியப் போடலாம் சார். அந்த அக்கா வீட்டோட பேசுன பழைய பேச்செல்லாம் அதுகிட்ட இருக்கு, அச்சு அசலா பேசிரும். ஆனா பொட்ட அணைக்கணும்னா விழா முறையில போடணும். அதுக்குக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்கணும். சொல்லிட்டியளா?”

“சொல்லியாச்சு.”

“கையெழுத்து வாங்கணும்… சரி, சாரணர் வாத்தியார் சொன்னா போதாதா.” அவள் சிரித்தாள். “ஒரே ஒரு விசயம் சார். அது ஊகத்துலதான் பேசும். எதுத்தாப்ல இருக்கவங்க மொகம் எதச் சொன்னா மலருமோ, அதத்தான் சொல்லும். சாப்புட்டியா, குளிச்சியான்னா பெரச்சன இல்ல. வருவியா, தருவியான்னு யாராவது கேட்டா உடனே நிப்பாட்டிரணும். நீங்க விசில் அடிங்க, நான் அணைச்சிருதேன்.”

“அதுக்கென்ன, விசில் கையிலதான இருக்கு” என்றார் அவர். முகத்தில் வெயில் பட்டதுபோலச் சூடேறியது. சந்தனாவின் கேள்வி அவருக்குத் தெரியும். அவளை மேடையேறுமுன் தனியே கூப்பிட்டு, அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

காலை விளையாட்டுகள் அமோகமாக நடந்தன. பிள்ளைகள் கயிற்றில் காந்தம் கட்டித் தேரி மணலில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். காந்தத்தில் கருமணல் மீசையாக முளைத்தது. சாயங்காலம் ‘அப்பா ஊர்தி’ போட்டி. அப்பாக்களுக்குக் கண்ணைக் கட்டிவிட வேண்டும். பிள்ளை ‘வலது’ என்று சொன்னால் உடனே திரும்பக் கூடாது, மனதுக்குள் பத்து எண்ணிய பிறகுதான் திரும்ப வேண்டும். இங்கிருந்தபடி செவ்வாயில் வண்டி ஓட்டுவது அப்படித்தான். சந்தனா ‘நில்லுப்பா’ என்று கத்தி, சித்திரைவேல் பத்து எண்ணி முடிப்பதற்குள் உடைமரப் புதருக்குள் போய் விழுந்தார். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பில் கூட்டமே சிரித்தது.

இந்தச் சிரிப்புக்கும் கும்மாளத்துக்கும் நடுவே சந்தனாவைத் தனியே கூப்பிட ஒரு நல்ல நேரம் வாய்க்கவில்லை என்று தனசீலன் சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், அவர் கூப்பிடவில்லை.

வெயில் சரிந்ததும் எல்லோரும் மணலில் உட்கார்ந்தார்கள். திரையில் ஆவுடைச்செல்வி வந்தாள். நீல வேலையுடுப்பு, தூக்கிக் கட்டிய கொண்டை. மூலையில் பொட்டு இல்லை. கேமரா இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துச் செவ்வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

“குளிப்பியளா அத்த?” என்றது ஒரு வாண்டு.

“ஈரத்துணியால தொடச்சிக்கிடுவோம்யா. அதப் புழிஞ்சி, சுத்தம் பண்ணி, மறுநாள் காப்பி போடுவாவ. ஒனக்கு ஒரு டம்ளர் வேணுமா?”

கூட்டம் குலுங்கியது. சித்திரைவேல் பக்கத்திலிருந்தவரிடம், “இவ எப்பமும் இப்படித்தான்” என்றார் பெருமையாக. ஒரு வருடமாக மனைவியின் செய்திகள் வரவர நாலு வரியாகச் சுருங்கிவிட்டதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் சந்தனா எழுந்தாள். சீருடை விறைப்பாக இருந்தது. வராவிட்டால் முன்னாடியே சொல்லிவிடு என்று அவள் கேட்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் பதில் என்ன என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் முகம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, அடுத்த கப்பல்ல வந்துருவியா? சத்தியமா?”

பெல்சியா திரும்பித் தனசீலன் சாரைப் பார்த்தாள். விசில் அவருடைய விரல்களுக்கிடையில் இருந்தது. கூட்டம் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகாக ஒரு விழா அவர் வாழ்நாளில் அமைந்ததில்லை. இந்த நேரத்தில் ஊதினால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்களே என்று அவர் நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார்.

“வந்துருதேன் தாயி,” என்றது திரை. கண் கலங்கியிருந்தது. “அடுத்த கப்பல்ல அம்மா வந்துருதேன். சத்தியமா.”

சந்தனா நின்ற இடத்திலேயே குதித்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த ஆரவாரத்தோடேயே உறுதிமொழிச் சடங்கு தொடங்கியது. வழக்கப்படி முதல் கேள்வியைப் படைத் தலைவர்தான் கேட்க வேண்டும்.

“மதிப்புன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். நான் ஒண்ணு சொன்னா அத நம்பலாம்னு அர்த்தம்.”

அவள் மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழி சொன்னாள். அவர் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிவிட்டு, சாரணர் முறைப்படி இடது கையை நீட்டினார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. சந்தனா கையைக் குலுக்கிவிட்டு, யாரும் பார்க்காமல் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவர் பார்த்தார்.

அரை மணி கழித்து, எல்லோரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பெல்சியா அவரைக் கூப்பிட்டாள். முகம் வெளிறியிருந்தது. காதுமாட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“அந்த அக்கா நம்ம நேரலையப் பாத்துட்டாவ. உங்களுக்குன்னு தனியாப் பேசி அனுப்பியிருக்காவ. கேளுங்க.”

அவர் மாட்டிக்கொண்டார். உண்மையான குரல், திரையில் கேட்டதைவிடத் தாழ்ந்திருந்தது. இடையிடையே எங்கோ எந்திரம் ஒன்று இரைந்தது.

“சார், வணக்கம். அங்க திரையில இருந்தது நான் இல்ல. அது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வரல சார். இன்னொரு தவணை வேலைக்கு ஒத்துக்கிட்டேன். அதுக்கு ஒரு மாசமாச்சு, வீட்டுல சொல்ல வாய் வரல. இங்க எனக்குக் கீழ நாப்பது பேரு வேல செய்யுதாவ. நான் போட்ட ஒட்டுலதான் இங்க எல்லாரும் மூச்சு வுடுதாவ. அங்க வந்தா நான் யாரு சார்? தண்ணி லாரிக்காரர் பொண்டாட்டி. இப்படி நெனைக்கேனேன்னு எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா நெனைக்கேன்.”

எந்திரம் இரைந்து ஓய்ந்தது.

“அது வாரேன்னு சொன்னப்ப எம்பிள்ள குதிச்சதப் பாத்தேன். நான் பேசி அவ அப்படிக் குதிச்சதே இல்ல. அதனால ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். அது சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இனிமேலும் பொட்டில்லாம அதையே பேச வுடுங்க. அது என்னைவிட நல்ல அம்மாவா இருக்கு. கப்பல் வரும்போது ஏதாச்சும் காரணம் சொல்லிக்கிடலாம்.”

தனசீலன் சார் காதுமாட்டியைக் கழற்றினார்.

“குடும்பத்துக்குச் சொல்லியாச்சுன்னு சொன்னீங்களே” என்றாள் பெல்சியா. குரலை உயர்த்தவில்லை. “நான் ஒங்க உடுப்பப் பாத்து நம்புனேன் சார்.”

அவருக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. தாயே கேட்டுக்கொண்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பெல்சியாவும் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டாள். தூரத்தில் சந்தனா நாலைந்து பெண்களுக்கு நடுவே நின்று, அம்மா வந்ததும் எங்கெங்கே கூட்டிப் போவாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் சந்தோஷம் தன் பொய்யில் முளைத்தது என்பதை நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. இதை வளரவிட்டால் ஒரு நாள் அது ஊரறிய இவள் தலையில் விழும். எல்லோரும் இருக்கும்போது சொல்லாதே என்று அவள் கேட்டது இதற்குப் பயந்துதான்.

அப்பாவையும் மகளையும் லாரிக்குப் பின்னால் கூட்டிப் போனார். தார்ப்பாயில் தொடங்கி, காதுமாட்டியில் கேட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது சந்தனாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் லாரிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

சித்திரைவேல் அடிப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் பரவாயில்லை.

“அவ கேள்விய நானே தனியா அனுப்பியிருப்பேன் சார்,” என்றார் சித்திரைவேல். “சார்தான அனுப்புதாரு, இதுல நாம எதுக்குன்னு வுட்டுட்டேன்.” அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “அவ வர மாட்டான்னு எனக்குப் போன வருசமே தெரியும்” என்றார். மகள் பக்கம் அவரும் திரும்பவில்லை.

இரண்டு பெரிய மனிதர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தனா அழவில்லை. அவள் முகம் சிவந்து, காதுமடல்வரை சிவந்துவிட்டது.

“நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன் சார், அம்மா வாரான்னு.”

“நான் போயி எல்லாரு முன்னாடியும் என் தப்புன்னு சொல்லிருதேன் தாயி.”

“வேண்டாம்,” என்றாள். கேமரா இருந்த பக்கம் திரும்பினாள். “நான் அம்மாகிட்ட பேசணும். அந்த மெசின் இல்லாம.”

அவள் கேமரா முன்னால் போய் நின்றதைப் பார்த்ததும், சுண்டல் பொட்டலத்தோடு கூட்டம் மறுபடி கூடிவிட்டது. இன்னொரு நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். தனசீலன் சார் அவர்களை விரட்டப் பார்த்தார்.

“இருக்கட்டும் சார்” என்றாள் சந்தனா.

“அம்மா, நான் சந்தனா. மொதல்ல இங்க பேசுனது நீ இல்லன்னு சார் சொல்லிட்டாரு. நீ சாருகிட்ட சொன்னதயும் சொல்லிட்டாரு.” கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. “அது நல்லாத்தான் பேசுது. அது எனக்கு வேண்டாம். நீ வரலன்னா, வரலன்னு நீயே சொல்லு. எல்லாரும் இருக்காவ, பரவால்ல. நான் இங்கதான் இருப்பேன்.”

பெல்சியாவுக்குத் தலையசைத்தாள், செய்தி போயிற்று.

தனசீலன் சார் கூட்டத்தின் முன்னால் வந்து, நடந்தது இன்னதென்று நாலு வாக்கியத்தில் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு அம்மா தன் மகனை அவர் பக்கத்திலிருந்து கையைப் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதன்பின் யாரும் எழுந்து போகவில்லை. வெயில் முழுவதும் இறங்கி, மணல் சிவப்பிலிருந்து பழுப்பாக மாறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆனது. திரை ஒளிர்ந்தது.

ஆவுடைச்செல்வி ஒரு இரும்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கேமராவைப் பார்த்தாள், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். வாயைத் திறந்து மூடினாள். பெருவிரலால் மேசை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து அசையாமல் இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

“படம் நின்னுட்டுன்னு நெனைக்கேன்,” என்று பெல்சியா வயரைத் தடவினாள்.

“நிக்கலக்கா,” என்றாள் சந்தனா. “அது எங்கம்மாதான்.”

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா பேசுவதற்காகக் காத்திருந்தாள்.